என் மனைவி திரும்பி வருவாள் என்பதற்கான சான்றுகள்

பஜார் வீதி,
பதுளை.
28.06.2025, சனிக்கிழமை

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மச்சான் சிவஞானம் அவர்களுக்கு, உங்கள் தங்கை ராமலட்சுமியின் கணவன் புவனேந்திரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை, நான், கடை, கோழிகள் எல்லோரும் சுகம். கச்சான் காற்று மட்டும் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம், கடைப் பலகையை இரண்டு தடவை கழற்றிப் போட்டுவிட்டது. திருச்சியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, உங்கள் வீட்டு அக்காவின் சர்க்கரை எந்த மட்டில் நிற்கிறது என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நான் சாகப் போவதில்லை.

வியாழக்கிழமை நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, “மாப்பிள்ளை, சொத்தையெல்லாம் எழுதி வச்சிட்டீங்களாமே, டாக்டர் எவ்வளவு நாள் சொல்லியிருக்காரு?” என்று கேட்டு அழ ஆரம்பித்தபோது நான் அடுப்படியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் ரசம் பொங்கிவிட்டது. “ஐயையோ, போச்சு போச்சு” என்று நான் கத்தியது ரசத்தைப் பார்த்துத்தான். பதற்றத்தில் கைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்ததால் அதற்கு மேல் உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் நீங்களும் அக்காவும் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. பிறகு நான் வேறு கைபேசியில் கூப்பிட்டால் நீங்கள் ஒரு பக்கம் அழுகிறீர்கள், அக்கா ஒரு பக்கம் அழுகிறார், நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் குறுக்கே அழ முடியாது. பக்கத்துச் சேலைக் கடைக்காரர் சரக்கு எடுக்கச் செவ்வாய்க்கிழமை திருச்சி வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். நிதானமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

நான் கடை, வீடு, வேன், பசறையில் உள்ள துண்டு நிலம் எல்லாவற்றையும் உங்கள் தங்கை பெயருக்கு எழுதி வைத்தது உண்மைதான். காரணம் வியாதி இல்லை, விசா.

எங்கள் மகள் கௌசிகா இருக்கும் நாட்டின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். விசா விஷயத்தில் எதை எழுதினாலும் யாராவது படிப்பார்கள் என்று எங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த பவாஸ் சொல்லியிருக்கிறான். பவாஸ் பஸ் நிலையத்துக்கு எதிரே போட்டோகாப்பிக் கடை வைத்திருப்பவன், பதுளையிலிருந்து வெளிநாடு போன பாதிப் பேர் அவன் கையால் போனவர்கள். எந்த நாடு என்று உங்களுக்குத் தெரியும், அது போதும். பிள்ளைக்குப் பிரசவத்துக்கு ஆவணி முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறது. போன தடவை ஐந்தாம் மாதத்தில் நடந்தது உங்களுக்கும் தெரியும். மருமகன் பிரவீனன் லொறி ஓட்டப் போன இடத்திலிருந்து திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் என் பிள்ளை ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். பிரவீனனுக்குத் தாய் இல்லை. இந்தத் தடவை ராமலட்சுமி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். ஆகவே தைப்பொங்கல் கழிந்த கையோடு அவளுக்கு விசிட்டர் விசா போட்டோம்.

இனி வருவதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் என்று ஒன்று வேண்டும். கௌசிகா நாலு வரியில் எழுதி அனுப்பினாள். ‘என் அம்மா பிரசவ உதவிக்காக வருகிறார், எங்கள் வீட்டில் தங்குவார், பிரசவம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்.’ படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாய் படியேறும் முன்பே எப்போது போவாய் என்று கேட்கிற பிள்ளையையா நான் வளர்த்தேன்? நம் வீட்டில் விருந்தாளி செருப்பை மாட்டிய பிறகும் இன்னும் ஒரு நாள் இருந்து போகலாமே என்று கையைப் பிடித்து இழுக்கிற பழக்கம். அந்த அதிகாரி இதைப் படித்தால் இந்தக் குடும்பத்தில் பெரியவர்களுக்கு மரியாதை இல்லை என்று நினைக்க மாட்டாரா? நானே உட்கார்ந்து திருத்தினேன். ‘எங்கள் வீடு அம்மாவின் வீடு. ஆயுள் உள்ளவரை அவர் எங்களோடு இருக்கலாம். அவரே போகிறேன் என்றாலும் நாங்கள் விடமாட்டோம்.’ கௌசிகாவும் பிரவீனனும் கையெழுத்துப் போட்டார்கள். பவாஸ் அதை இங்கிலீஷில் மாற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மொதலாளி, எங்க உம்மாக்கு இப்படி எழுத ஒருத்தரும் இல்லியே” என்றான்.

அடுத்தது திரும்பும் தேதி. உங்கள் தங்கை அதை எழுத விடவில்லை. “பொறப்படுறதுக்கு முன்னாடியே திரும்புற நாள எழுதினா போற காரியம் என்னாகும்? பிள்ளைப் பேறு விஷயங்க, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கம்ப்யூட்டர் அந்த இடத்தைக் காலியாக விட ஒத்துக்கொள்ளவில்லை, சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. கடைசியில் பவாஸ், ஆகக் கூடிய காலம் ஆறு மாதம் என்று போட்டான்.

கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போனோம். கல்யாண ஆல்பத்தைச் சான்றாகக் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால் நான் அதை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனேன். உங்களுக்குத் தெரியுமே, நாலு கிலோ இருக்கும், மேலே கண்ணாடி பதித்தது. வாசலில் காவலுக்கு நின்றவன் அதைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, லுணுகலைத் தோட்டத்துக் கோவிலில் நீங்கள் எனக்குத் தாரை வார்க்கிற படத்தில் நின்று, “இவர் யார், ரொம்ப அழுகிறாரே?” என்று கேட்டான். என் மச்சான் என்றேன். உள்ளே கொண்டுபோக விடவில்லை. நான் ஆல்பத்தோடு நடைபாதையில் இரண்டு மணி நேரம் நின்றேன். வெளியே வந்த உங்கள் தங்கை, கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு முறுக்கு கொடுத்ததாகவும் அது வாங்க மறுத்ததாகவும் சொல்லி, அந்தப் பிள்ளை மெலிந்து இருந்ததைப் பற்றி ஹப்புத்தளை வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள்.

மாசி மாதம் முடிவு வந்தது. மறுத்துவிட்டார்கள். பவாஸ் கடையில் நின்று அவன் வாயால் தமிழில் கேட்டேன். ‘நீங்கள் தங்கும் காலம் முடிந்ததும் எங்கள் நாட்டை விட்டுப் போவீர்கள் என்று எமக்குத் திருப்தி ஏற்படவில்லை. உங்கள் சொந்த நாட்டில் உங்களுக்கு உள்ள குடும்பப் பிணைப்பும் சொத்துப் பிணைப்பும் போதுமானதாக இல்லை.’

மச்சான், குடும்பப் பிணைப்பு போதாது என்றால் என்ன அர்த்தம்? குடும்பம் என்று இங்கே இருப்பது நான் ஒருவன். முப்பத்தொரு வருஷம். ஒரு நாள் கூட அவளை விட்டுத் தனியாகச் சாப்பிட்டவன் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், என் குரலைக் கேட்காமல், கடல் கடந்து எங்கேயோ இருக்கிற ஒருவர் நான் போதாது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பவாஸிடம் அந்தக் காகிதத்துக்கு இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன், எதற்கென்று இன்று வரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் நேரடியாகவே கேட்டேன். “லட்சுமி, உண்மையச் சொல்லு. அங்க போனா நீ திரும்பி வருவியா?”

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “இது என்ன கேள்வி? கோழிக்கு யாரு தீனி போடுறது? கடையில மாடசாமி அண்ணனுக்கு மத்தியானச் சோறு யாரு அனுப்புறது? மார்கழியில எட்டாம் பூசை நம்ம முறை. வராம எப்படி?”

“வேற?”

“வேற என்ன? காலுக்கடியில பூண்டுத் தோல், தள்ளி நில்லுங்க.”

கோழி முதலிடம், கடைச் சிப்பந்தி இரண்டாம் இடம், மார்கழி மூன்றாம் இடம். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், நாலாவதாக ஒன்றும் வரவில்லை. அந்த அதிகாரி கொழும்பில் வைத்து இவளைப் பார்த்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் கூட வந்தது.

மறுநாள் பவாஸ் விண்ணப்பம் முழுவதையும் மேசையில் பரப்பி வைத்து எனக்கு வகுப்பெடுத்தான். “மொதலாளி, ‘போறேன்னாலும் விடமாட்டோம்’னு நம்மளே எழுதி, கையெழுத்தும் வச்சு, அவங்களுக்கே அனுப்பியிருக்கோம். அத விடுங்க, அது என் பிழையும்தான். இதப் பாருங்க. வீடு யார் பேர்ல? உங்க பேர்ல. கடை? உங்க பேர்ல. வேன்? பேங்க் கணக்கு? கரண்ட் பில்லு, தண்ணி பில்லு? எல்லாம் உங்க பேர்ல. இந்தப் பேப்பர் பிரகாரம் அம்மாவுக்கு இந்த நாட்டுல ஒரு கரண்டி கூடச் சொந்தம் இல்ல. நான் ஆபீசரா இருந்தாலும் உட்டிருக்க மாட்டேன்.”

பாத்திரக் கடைக்காரன் பெண்சாதிக்கு ஒரு கரண்டி சொந்தமில்லை. கல்யாணத்தின்போது நீங்கள் என் கையைப் பிடித்து, “மாப்பிள்ளை, தங்கச்சி பேர்ல எழுதிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல” என்று சொன்னீர்கள். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிதாகச் சொன்னேன். முப்பத்தொரு வருஷமாக நான் எதைப் பார்த்துக்கொண்டேன்? அவளை ஏமாற்றும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை, கோவில் மேல் ஆணையாகச் சொல்கிறேன். வாங்கும்போதெல்லாம் என் பெயரைச் சொன்னேன், எழுதுகிறவர்கள் எழுதினார்கள், அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டுக்காரர் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே என்று வெட்கப்பட்டேன்.

ஆகவே இரண்டாம் முறை முறையாகச் செய்வது என்று இறங்கினேன். அவள் திரும்பி வருவாள் என்பதற்கு ஊர் முழுக்கச் சான்று திரட்டினேன். கிராம சேவகர் சிங்களத்தில் அரைப் பக்கம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். கோவில் தலைவர், ‘அம்மையார் இல்லாவிட்டால் எமது அன்னதானத்தில் ரசம் இருக்காது, ஆகவே அவர் திரும்பி வருவது பக்தர்களுக்கு இன்றியமையாதது’ என்று எழுதினார். இருபத்தாறு வருஷமாகக் கடையில் இருக்கிற மாடசாமி தனக்கு எழுத வராது என்று வாயால் சொன்னார், பவாஸ் எழுதினான். “மொதலாளியம்மா திரும்பி வரலேன்னா நான் வேலைய விட்டுப்புடுவேன். மொதலாளிகூட ஒண்டியா மல்லுக்கட்ட என்னால ஆகாது.” இதை அப்படியே இங்கிலீஷில் போட்டு அனுப்பியிருக்கிறான். நான் முப்பத்தொரு வருஷ இல்லறத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். பவாஸ் அதை வாசித்துவிட்டு, ‘நான் இவரது கணவன்’ என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடமே தந்துவிட்டான்.

கௌசிகாவின் கடிதத்தையும் மாற்றினோம். ‘ஒக்டோபர் ஒன்பதாம் தேதி அம்மா கட்டாயம் போய்விட வேண்டும், அதற்கு மேல் ஒரு நாளும் எங்கள் வீட்டில் இடமில்லை.’ பிள்ளை அதை எழுதிவிட்டு வீடியோ அழைப்பில் அழுதாள். இங்கே நானும் அழுதேன். தேதியைப் பற்றி உங்கள் தங்கை சண்டை போடவில்லை. கோவில் ஐயரிடம் கேட்டு, குழந்தைக்கு நாற்பத்தொரு நாள் தாண்டி, வீடு திரும்ப நல்ல நாளாகப் பார்த்து அவளே எழுதிக் கொடுத்தாள். நல்ல நாள் என்று ஆன பிறகு அபசகுனம் இல்லையாம்.

பிறகு நொத்தாரிஸிடம் போய் நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எல்லாத்தையுமா?” என்றார். “எல்லாத்தையும்” என்றேன். “உடம்பு எப்படி இருக்கு?” என்றார். “இருக்கு” என்றேன். இந்த ஒரு சொல்லில்தான் வினை ஆரம்பித்தது. அவருடைய எழுதுவினைஞர் டீக்கடையில் சொல்ல, டீக்கடை பஜார் முழுக்கச் சொல்ல, மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே இரண்டு பேர் நோயாளியைப் பார்க்க வருவது போல நெஸ்டமோல்ட் மாப்பெட்டியோடு வாசலில் நின்றார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, “பயப்படாதீங்க, இப்ப எல்லாத்துக்கும் மருந்து இருக்கு” என்றார். நான் விசாவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்து, “ஆமாங்க, ரெண்டாந்தரம் போட்டா சரி வரும்னு சொல்றாங்க” என்றேன். அவர் அங்கேயே கண் கலங்கிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலில் ஆயுள் ஹோமம் நடந்தது. நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். யாருக்காக ஹோமம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஹோமச் செய்திதான் இத்தனை மாதம் கழித்து எப்படியோ திருச்சி வரை வந்து உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. அம்மா கடையை உண்மையாகவே நடத்துகிறார் என்பதற்கு ஒரு படம் வேண்டும், கல்லாவில் உட்கார்ந்தபடி, என்றான் பவாஸ். பத்து நிமிஷ வேலை என்று அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். முதல் காரியமாக என் மெத்தையை எடுத்து உதறி, “இதுல நீங்க உக்கார்றீங்களா, பூனை உக்காருதா?” என்று கேட்டு ஓரத்தில் போட்டாள். பவாஸ் இரண்டு படம் எடுத்திருப்பான், லுணுகலைப் பக்கமிருந்து கொழுந்தெடுக்கிற பெண்கள் மூன்று பேர், மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு வாங்க வந்தார்கள். மாடசாமி எடுத்துக் காட்டினார். உங்கள் தங்கை அதை வாங்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு எல்லோர் முன்னிலும் என்னைப் பார்த்து, “ஏங்க, இது மழையில வெறைச்சுப் போயித் தொடையை அறுக்கும். கட்டுற கயிறும் குட்டை. இதையா இத்தன வருஷமா இந்தப் பிள்ளைகளுக்கு வித்தீங்க?” என்று கேட்டாள்.

அவர்களில் ஒருத்தி, “அக்கா, நீங்க மலையில வேல செஞ்சிருக்கீங்களா?” என்றாள்.

“ரெண்டு வருஷம். ஏழாம் நம்பர் மலை. அட்டை கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு.”

அவ்வளவுதான், மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு டீ வாங்கிவர உத்தரவு வந்தது. நான் டீயோடு திரும்பியபோது அவள் கத்தரிக்கோலை எடுத்து இடுப்புப் பக்கத்துக்குப் உடுத்திப் பழசான சாரத் துணி வைத்துத் தைப்பதற்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான் மச்சான், இன்னும் எழும்பவில்லை. இப்போது சம்பள நாளில் பசறை பஸ் வந்து நின்றால் பெண்கள் நேரே எங்கள் கடைக்கு வருகிறார்கள். ‘அக்கா படங்கு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். நான் பத்து வருஷமாக விற்க முடியாமல் பரணில் வைத்திருந்த அலுமினியக் கேத்தல்களையும் ஒரே மாதத்தில் விற்றுத் தீர்த்துவிட்டாள். எப்படி என்று கேட்டேன். “நீங்க வெல சொன்னீங்க, நான் வீட்டு விஷயம் கேட்டேன்” என்றாள். மாடசாமி என்னிடம் இப்போது, “மொதலாளி, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். ஆகவே நான் வீட்டில் சமைக்கிறேன். அந்த ரசத்தின் கதை இதுதான்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு முதலில் வயிறு எரிந்தது. இப்போது சாயங்காலம் கடைக்குப் போனால் தெருவில் நின்று கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். இத்தனை வருஷமும் இந்த மனுஷியை அடுப்படியில் வைத்து மூடியிருக்கிறேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நீங்கள் அண்ணன், உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

வைகாசியில் கடவுச்சீட்டு கூரியரில் வந்தது. விசா ஒட்டியிருந்தது. கௌசிகா அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் பவாஸ் கடையில் போட்டோகாப்பி எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆடி பிறக்கும் முன் புறப்பட வேண்டும் என்பதால் ஜூலை பதினான்காம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. மிளகாய்த்தூள், பெருங்காயம், பிள்ளை பெற்றவளுக்கான காயச் சரக்கு எல்லாம் அரைத்துப் பொட்டலம் கட்டியாயிற்று. என் பிள்ளை இந்த முறை தனியாகக் கிடக்க மாட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கௌசிகா, “அப்பா, நீங்களும் வாங்களேன்” என்று கேட்டாள். நானும் விண்ணப்பம் போட்டுவிட்டேன், முடிவு இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும். பவாஸ் கொஞ்சம் தயங்கினான். “மொதலாளி, இப்ப உங்க பேர்ல என்ன இருக்கு? கொஞ்ச நாள் பொறுத்துப் போடுவோமே” என்றான். அட, மனைவிக்குக் கொடுத்தவர்கள் கணவனுக்குக் கொடுக்காமல் விடுவார்களா, ஒரே வீட்டு ஆள்தானே என்று நான் அவனை அடக்கினேன். இந்த முறை மறைக்க ஒன்றுமில்லை, அலங்காரமும் இல்லை. தொழில், ஓய்வு. சொத்து, இல்லை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என் மனதில் இருந்ததையே எழுதச் சொன்னேன், ‘மனைவியை விட்டு இருக்க முடியாது.’ உண்மையை எழுதினால் எந்த அதிகாரிக்கும் விளங்கும் என்பது என் நம்பிக்கை.

நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டால் மூன்று மாதம் கடையைப் பார்க்க ஒரு சொந்தக்காரர் வேண்டும். மாடசாமி நல்லவர், ஆனால் வாடிக்கையாளரிடம் அதிகம் உண்மை பேசுகிறார். ஆகவே நீங்கள் ஜூலை பத்தாம் தேதிக்குள் இங்கே வந்துவிட வேண்டும். இலங்கை வர உங்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் போட்டால் கிடைத்துவிடும் என்கிறார்கள். நீங்கள் பதுளைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. சாவி, கணக்குப் புத்தகம், கோழித் தீனி எல்லாம் தயாராக வைத்திருப்பேன். உங்கள் தங்கை கல்லாவில் உட்காரப் போட்டிருக்கிற கதிரையை மட்டும் அசைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், சர்க்கரைக்குப் பாகற்காய் நல்லதாம், இப்போது எனக்கு இதெல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். பதுளை முருகனும் உங்கள் ஊர்த் தாயுமானவரும் நம் இரண்டு வீட்டையும், கௌசிகாவையும், வரப்போகிற உயிரையும் காத்து நிற்க வேண்டும் என்று கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பூரண தேக சுகத்துடன் இருக்கும்
உங்கள் மாப்பிள்ளை,
புவனேந்திரன்

பி.கு.: திங்கட்கிழமை சாயங்காலம். உறையை ஒட்டியிருந்தேன், பிரித்து எழுதுகிறேன்.

நீங்கள் கடை பார்க்க வர வேண்டியதில்லை. எனக்கு விசா மறுத்துவிட்டார்கள். பவாஸ் கடைக்கு வெளியே என்னைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தி வாசித்துக் காட்டினான். ‘விண்ணப்பதாரருக்கு அவரது நாட்டில் தொழிலோ சொத்தோ இல்லை. அவர் தெரிவித்துள்ள ஒரே பிணைப்பு அவரது மனைவி. அந்த மனைவி அக்காலத்தில் எமது நாட்டில் இருப்பார். ஆகவே இவர் திரும்பிப் போவதற்கு எந்தக் காரணத்தையும் நாம் காணவில்லை.’

உங்கள் தங்கையிடம் சொன்னேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டாள், கடையில் ஆள் நிற்கும்போதே. “அப்ப நானும் போகலங்க. உங்கள இப்படித் தனியா உட்டுட்டு நான் அங்க போயி என்னத்தப் பார்க்கிறது?” என்றாள். நான் சத்தம் போட்டேன். கல்யாணமாகி முதல் தடவையாகக் கடையில் வைத்து அவளைத் திட்டினேன். பிள்ளை இரண்டு நாள் தனியாகக் கிடந்ததை நினை என்றேன். அவள் போவாள், டிக்கெட் மாறாது.

நீங்கள் ஒரு நடை வாருங்கள் மச்சான், கடைக்காக இல்லை, எனக்காக. மூன்று மாதம் அந்த வீட்டில் தனியாக நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

பவாஸ் மேன்முறையீடு எழுதலாம் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னவென்று எழுதுவது? இந்த முறை அவர்கள் எழுதியிருப்பது சரிதானே.